குவாட்டர்பேக்கின் கண்ணும் ஐவரின் காலடியும்: எந்த மறிப்பு முறையைத் தேர்வது?

டல்லாஸ் புறநகரில் என் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு அடுத்த பருவத்தில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன், பந்தை வாங்கி எறிந்தோ கொடுத்தோ தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்காக வரப்போகிறான். நன்றாக ஓடுகிறான், கையும் வலுவானது. ஆனால் பந்து கைக்கு வந்தபின் எதிரணி என்ன செய்கிறது என்று படித்து முடிவெடுக்க அவனுக்கு இன்னும் நேரம் பிடிக்கிறது. அவனுக்கு முன்னால் நிற்கப்போகும் ஐந்து லைன்மேன்களில் வலப்பக்க கார்டாக என் மகனும் ஒருவன். எங்கள் வட்டாரத்து மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் ஐவருமே எடை குறைந்தவர்கள், ஆனால் கால் சுறுசுறுப்பானவர்கள். சென்ற பருவத்தின் பத்து ஆட்டங்களையும் அரங்கின் மேற்படியிலிருந்து படம்பிடித்துக் கொடுத்த பெற்றோர்களில் நானும் ஒருவன் என்பதால், பிப்ரவரியில் பயிற்சியாளர்கள் அந்தப் படங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர்கள் முன்னிருந்த கேள்வி ஒன்றுதான்: இந்தப் பையனையும் இந்த ஐவரையும் வைத்துக்கொண்டு, லைன்மேன்கள் எதிராளிகளை இடித்துத் தடுக்கும் எந்த மறிப்பு முறையின்மேல் தாக்குதலைக் கட்டுவது?

கோடிக்கணக்கான டாலர் புழங்கும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகளும் ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கின்றன. அவற்றின் வரலாறு கையில் இருப்பதால் ஒப்பிடுவதற்கு நமக்கு நிறையவே கிடைக்கிறது. ஒப்பிடும்போது நான் நம்பும் அளவுகோல் ஒன்று உண்டு. சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஸ்நாப் நொடியிலிருந்து அது குவாட்டர்பேக்கின் கையைவிட்டுப் போகும்வரை அவன் எதிரணியில் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அது. மறிப்பு முறை என்பது லைன்மேன்களின் சமாச்சாரம் என்றும், குவாட்டர்பேக்கின் திறமை வேறு விஷயம் என்றும் பலரும் பிரித்தே பேசுகிறார்கள். பத்து ஆட்டங்களை மேலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பிரிவினையில் உடன்பாடில்லை. ஐவரின் முதல் காலடி எந்தப் பக்கம் விழுகிறதோ, அதுவே எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதையும், குவாட்டர்பேக்கின் கண்முன் எந்தப் பக்கம் வெட்டவெளியாகும் என்பதையும் தீர்மானிக்கிறது.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்குச் சிறு விளக்கம். பதினொருவர் கொண்ட தாக்குதல் அணியில் நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட், அவர்களுக்கு வெளியே டேக்கிள் என ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க இவர்களுக்கு அனுமதியில்லை. வழி திறப்பதும் குவாட்டர்பேக்கைக் காப்பதும் மட்டுமே இவர்கள் வேலை. நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஓடியும் முன்னேறலாம், எறிந்தும் முன்னேறலாம். எறிவதென்றால் பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று நொடிக்குள் பந்து கையைவிட்டுப் போயாக வேண்டும்.

முதலில் கேப் முறை. இதில் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் புகவேண்டிய சந்து ஸ்நாப்புக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஓடும் பக்கத்து லைன்மேன்கள் தமக்கு உட்புறத்து இடைவெளியில் நிற்பவனைப் பக்கவாட்டுக் கோணத்தில் இடித்து உள்நோக்கித் தள்ளுகிறார்கள். எதிர்ப்பக்கத்து கார்ட் தன் இடத்தை விட்டுக் கழன்று, வரிசைக்குப் பின்னால் குறுக்காக ஓடிவந்து, சந்தின் வெளி ஓரத்தில் நிற்பவனை வெளியே தள்ளுகிறான். என் மகன் இதைப் பழகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இடது முழங்கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கிறான், அந்த இழுப்பிலேயே இடுப்பு திரும்பிவிடுகிறது, இடது பாதம் பக்கவாட்டில் திறக்கிறது. பிறகு சென்டரின் குதிகாலை உரசுவதுபோல வரிசையை ஒட்டியே ஓடுகிறான். ஒரு முழம் பின்வாங்கி ஓடினாலும் இடிக்கும் கோணம் கெட்டுப்போகும். கடைசியில் தலை உட்புறம் இருக்கும்படி உடலை வைத்து, எதிராளியின் உட்பக்கத் தோளில் மோத வேண்டும். மொத்தமும் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதைக் கற்கவோ அவனுக்கு ஒரு கோடைகாலம் பிடித்தது.

இந்த முறைக்கு வரலாறு தரும் ஆகச்சிறந்த சான்று ஜோ கிப்ஸ் பயிற்றுவித்த வாஷிங்டன் அணி. நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் ஆட்டப் படங்களைப் பார்த்து, கார்டும் டேக்கிளும் சேர்ந்தே கழன்று ஓடும் கவுண்டர் ட்ரே என்ற ஆட்டத்தை அவரும் லைன் பயிற்சியாளர் ஜோ பூகலும் எடுத்துக்கொண்டார்கள். ரன்னிங் பேக் முதலில் ஒரு பக்கம் அடியெடுத்து வைத்து லைன்பேக்கர்களை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, மறுபக்கம் ஓடும் இருவரின் முதுகுக்குப் பின்னால் திரும்பிவிடுவான். 1988 ஜனவரி 31 அன்று சான் டியேகோவில் நடந்த, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில், அந்தப் பருவம் முழுவதும் 126 யார்டு மட்டுமே ஓடியிருந்த டிம்மி ஸ்மித் என்ற புதுமுகம் இந்த மறிப்பின் பின்னால் 204 யார்டு ஓடினார். சூப்பர் பௌல் வரலாற்றில் அதைத் தாண்டி இன்றுவரை எவரும் ஓடியதில்லை. முதல் காற்பகுதியில் 10 புள்ளி பின்தங்கியிருந்த வாஷிங்டன் இரண்டாம் காற்பகுதியில் மட்டும் 35 புள்ளி எடுத்தது. அந்த ஒரே காற்பகுதியில் குவாட்டர்பேக் டக் வில்லியம்ஸ் நான்கு டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்து கடப்பது) எறிந்தார்.

அந்த நான்கையும் டிம்மி ஸ்மித்தின் ஓட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது. லைன்பேக்கர்கள் பந்தைப் பார்த்து ஓடுவதில்லை. பந்து எங்கே என்று அவர்களுக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும் என்பதால், கார்டின் அசைவைப் பார்த்து ஓடப் பள்ளியிலேயே பழக்கப்படுத்தப்படுகிறார்கள். கார்ட் கழன்று ஓடினால் அவர்களும் கூடவே ஓடியாக வேண்டும். ஆகவே ஓடுவதுபோல் பாவனை காட்டி எறியும் பிளே ஆக்‌ஷன் ஆட்டத்தில் கார்டையும் கழற்றிவிட்டால், அவர்கள் விட்டுப்போகும் இடம் குவாட்டர்பேக்கின் கண்ணெதிரிலேயே காலியாகிறது. அவன் மைதானம் முழுவதையும் அலச வேண்டாம். ஒரு லைன்பேக்கர் ஏமாந்தானா இல்லையா என்று பார்த்தால் போதும். ஜோ கிப்ஸ் வென்ற மூன்று சூப்பர் பௌல்களிலும் குவாட்டர்பேக்குகள் வெவ்வேறானவர்கள்: ஜோ தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். 1991 பருவத்தில் ரிப்பியனின் அணி 16 ஆட்டங்களில் 9 முறை மட்டுமே சாக் (பந்தை எறிவதற்குள் குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது) விட்டுக்கொடுத்தது. குவாட்டர்பேக் மாறினாலும் வென்றுகொண்டிருந்த அந்த அணியில், மாறாதிருந்தது மறிப்பு.

கேப் முறையின் குறைகளும் லேசானவை அல்ல. கார்ட் கழன்று போன இடத்தில் ஒரு நொடி வாசல் திறந்தே கிடக்கும். சென்டர் அதை அடைக்கத் தவறினால், வேகமான எதிராளி ஒருவன் அதன் வழியே நுழைந்து ரன்னிங் பேக்கைப் பின்னாலேயே மடக்கிவிடுவான். எதிரணி வரிசையில் நிற்கும் விதம் மாறும்போதெல்லாம் ஐவரின் வேலையும் மாறுவதால் மனப்பாடம் செய்ய வேண்டியதும் அதிகம். டெக்சாஸ் பள்ளிகளில் கல்வியாண்டு நடக்கும்போது பாட நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு 8 மணி நேரம்தான் பயிற்சி தரலாம் என்று விதி இருக்கிறது. அந்த எட்டு மணியில் எதைக் கற்றுத்தருவது, எதை விடுவது என்பது இங்கே பெரிய கணக்கு.

அடுத்தது சோன் முறை, குறிப்பாக வரிசையின் வெளிப்புறத்தை நோக்கி ஓடும் அவுட்சைட் சோன். இதில் ஐவரும் ஒரே பக்கம், ஒரே மாதிரிக் காலெடுத்து வைக்கிறார்கள். தனக்கு நேரே ஆள் நிற்கிறதா என்பதே ஒவ்வொருவனின் கேள்வி. நின்றால் அவனை மறிக்க வேண்டும். நிற்காவிட்டால் ஓடும் பக்கத்தில் அடுத்திருப்பவனோடு சேர்ந்து ஓர் எதிராளியை இருவராக நகர்த்தி, அவன் கட்டுக்குள் வந்ததும் ஒருவன் கழன்று மேலே போய் லைன்பேக்கரைப் பிடிக்க வேண்டும். கபடியில் இருவர் கைகோத்துச் சங்கிலியாக நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒத்திசைவு உடனே பிடிபடும். அங்கே போலவே இங்கும் ஒருவன் அரையடி பிந்தினால் சங்கிலி அறுந்துவிடும். சந்து எங்கே திறக்கும் என்பதை முன்கூட்டி யாரும் முடிவு செய்வதில்லை. எதிரணி பக்கவாட்டில் இழுபடும்போது எங்கே விரிசல் விடுகிறதோ, அங்கே ரன்னிங் பேக் ஒரே ஒரு முறை காலை ஊன்றித் திரும்பி நேரே பாய்கிறான். இரண்டாவது யோசனைக்கு இடமில்லை.

1995 முதல் டென்வர் பிராங்கோஸ் அணியில் லைன் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் இதைத்தான் கட்டியெழுப்பினார். அவருடைய லைன்மேன்களில் பெரும்பாலோர் 300 பவுண்டுக்கும் குறைந்தவர்கள், அக்காலத்து அளவுக்குச் சிறியவர்கள். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், ஆறாம் சுற்றில் 196ஆம் ஆளாகத் தேர்வான டெரல் டேவிஸ் 1998இல் அவர்களுக்குப் பின்னால் 2,008 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு நான்காம் வாரத்தில் அவருக்கு முழங்கால் போனது. உடனே ஒலாண்டிஸ் கேரி என்ற புதியவர் வந்து 1,159 யார்டும், அதற்கடுத்த ஆண்டு மைக் ஆண்டர்சன் 1,487 யார்டும் ஓடினார்கள். ஆள் மாறியும் ஓட்டம் நிற்கவில்லை.

டென்வரின் குவாட்டர்பேக் ஜான் எல்வே கதைதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. டிம்மி ஸ்மித் 204 யார்டு ஓடிய அன்று, 42-10 என்று தோற்று நின்ற அணியின் குவாட்டர்பேக் அவர்தான். ஆட்டத்தின் வரலாற்றிலேயே வலுவான கைகளுள் ஒன்று அவருடையது. இருந்தும் 1980களின் பருவங்களில் மூன்று முறை சூப்பர் பௌல் போய் மூன்று முறையும் தோற்றார். 37 வயதில், 1998 ஜனவரியில், கிரீன் பே பேக்கர்ஸை 31-24 என வென்று முதன்முறையாகக் கோப்பையைத் தொட்டபோது அவர் எறிந்து எடுத்தது 123 யார்டு மட்டுமே, எறிந்த டச்டவுன் ஒன்றுகூட இல்லை. டெரல் டேவிஸ் 157 யார்டும் மூன்று டச்டவுனும் ஓடினார். இளமையில் எல்லாவற்றையும் தன் கண்ணாலும் கையாலும் தீர்க்க வேண்டியிருந்தவர், முதுமையில் தன் முன்னால் நின்ற ஐவரின் காலடிக்கு அந்தப் பாரத்தில் பாதியை இறக்கிக் கொடுத்தார்.

அந்தப் பாரம் எப்படி இறங்குகிறது என்பதைப் பூட்லெக் ஆட்டத்தில் பார்க்கலாம். ஐவரும் இடப்பக்கம் ஓடுகிறார்கள். குவாட்டர்பேக் ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதுபோல் நீட்டி, கொடுக்காமல் இடுப்போடு மறைத்து, தனியாக வலப்பக்கம் திரும்பி ஓடுகிறான். எதிரணி முழுவதும் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருக்க, வலப்பக்கத்தில் மூன்று பேர் மூன்று ஆழங்களில், ஒருவர் அருகே, ஒருவர் நடுவே, ஒருவர் தொலைவில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் ஓடுகிறார்கள். ஒரே கண்வீச்சில் மூவரும் தெரிகிறார்கள். மைதானத்தில் பாதியை மறந்துவிடலாம். யாரும் கிடைக்காவிட்டால், ஓடத் தெரிந்தவன் ஓடியே நான்கு யார்டு எடுத்துவிடலாம். ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் முதல் காட்சி ஒன்றே என்பதால் எதிரணியின் ஓரத்து ஆள் ஒவ்வொரு முறையும் தயங்குகிறான், அந்தத் தயக்கம்தான் குவாட்டர்பேக்குக்குக் கிடைக்கும் அவகாசம்.

இதன் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016இல் முதல் ஆளாகத் தேர்வான குவாட்டர்பேக் ஜேரட் கோஃப் அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றார். அவருடைய ராம்ஸ் அணி லீகிலேயே குறைந்த புள்ளி எடுத்தது. அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்து, அவுட்சைட் சோனையும் பிளே ஆக்‌ஷனையும் ஒன்றோடொன்று பின்னிக் கொடுத்தார்; அதே கோஃபோடு அதே அணி லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தது. பயிற்சியாளரின் குரல் குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் கேட்கும் வானொலி, ஸ்நாப்புக்குள்ள அவகாசத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது துண்டிக்கப்படும். அதற்குள் வரிசைக்கு வந்துவிட்டால் எதிரணியின் நிலையை மெக்வேயும் சேர்ந்து பார்த்துச் சொல்லலாம். இப்படிக் கண்ணின் வேலை எல்லா வழியிலும் குறைக்கப்பட்டிருந்தது. பிறகு 2018 டிசம்பரில் சிகாகோ பேர்ஸும், 2019 பிப்ரவரி சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் இதற்கு விடை கண்டுபிடித்தார்கள். பேட்ரியட்ஸ் ஆறு பேரை வரிசையில் நெருக்கி நிறுத்தினார்கள். ஒவ்வொரு லைன்மேனுக்கும் நேரே ஓர் ஆள் நின்றால், இருவர் சேர்ந்து ஒருவனை நகர்த்திவிட்டு மேலே போகும் வாய்ப்பே போய்விடுகிறது. இரு ஓரங்களும் அடைபட்டுவிட்டதால் வெளியே ஓடவும் வழியில்லை, பூட்லெக்குக்குத் திரும்பினால் எதிரே ஆள் நிற்கிறான். ஓட்டம் நின்றதும் பாவனைக்கும் மதிப்பில்லாமல் போனது. அன்று மைதானம் முழுவதையும் தானே படிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட கோஃபின் அணி எடுத்தது 3 புள்ளி. 13-3 என்று தோற்றது.

ஆகவே சோன் முறையைத் தேர்கிற அணி, எதிரணி ஆறு பேரை நெருக்கி நிறுத்தினால் என்ன செய்வது என்பதையும் கூடவே தேர்ந்து வைத்திருக்க வேண்டும். ராம்ஸே பின்னாளில் அந்த விடைக்கு வந்து சேர்ந்தது. 2023இல் கனமான கார்டுகளைக் கொண்டுவந்து கேப் ஓட்டங்களுக்குத் திரும்பியபோது கைரன் வில்லியம்ஸ் 12 ஆட்டங்களில் 1,144 யார்டு ஓடினார்.

மூன்றாவது, குவாட்டர்பேக்கையே ஓட்டக்காரனாக்கும் முறை. இதன் அழகு ஒரு கணக்கில் இருக்கிறது. வழக்கமான ஓட்டத்தில் பந்தைக் கொடுத்துவிட்டுக் குவாட்டர்பேக் சும்மா நிற்பதால் தாக்குதலில் பத்துப் பேர், எதிரணியில் பதினொருவர். இதில் ஓரத்தில் நிற்கும் எதிராளியை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அவன் ரன்னிங் பேக்கை நோக்கிப் பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறான், அவன் நின்றுவிட்டால் பந்தைக் கொடுத்துவிடுகிறான். கையால் தொடாமல் கண்ணாலேயே ஒருவன் மறிக்கப்பட்டுவிடுகிறான்; மிச்சப்பட்ட லைன்மேன் இன்னொருவனை மறிக்கப் போகிறான். என் அளவுகோலின்படி பார்த்தால் இதுவே மிக எளியது. பார்க்க வேண்டியது ஒரே ஓர் ஆளை.

2019இல் பால்டிமோர் ரேவன்ஸ் இதை வைத்து 3,296 யார்டு ஓடி லீக் சாதனை படைத்தது. குவாட்டர்பேக் லமார் ஜாக்சன் மட்டுமே 1,206 யார்டு ஓடியதோடு 36 டச்டவுனும் எறிந்தார். 14 வெற்றி, 2 தோல்வியோடு முதலிடத்தில் இருந்த அந்த அணி, பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றான பிளே ஆஃபின் தன் முதல் ஆட்டத்திலேயே டென்னசி டைட்டன்ஸிடம் 28-12 எனத் தோற்றது. தொடக்கத்திலேயே பின்தங்கிவிட்டதால் ஓடி மீள நேரமில்லை. ஜாக்சன் 59 முறை எறிய வேண்டியதாயிற்று. பின்தங்கும் நாளில் இந்த முறை கைகொடுப்பது கடினம். அதைவிட எனக்குக் கவலை தருவது உடம்பு. பதினாறு வயதுப் பையனை ஓர் ஆட்டத்தில் பதினைந்து முறை இடி வாங்க வைப்பதை, அது எத்தனை புள்ளி தந்தாலும், என்னால் மனமாற ஆதரிக்க முடியவில்லை. பெற்றோர் என்ற முறையிலும் சொல்கிறேன், ஆட்டம் பார்ப்பவன் என்ற முறையிலும் சொல்கிறேன். அவன் காயப்பட்டால் அடுத்து நிற்பவன் ஒன்பதாம் வகுப்புப் பையன்.

நான்காவது வழி, லைன்மேன்கள் சுற்றி அரணாக நிற்கும் பாக்கெட்டுக்குள் நின்று எறியும் டிராப் பேக் தாக்குதல். தொலைக்காட்சியில் எல்லாரும் ஆசைப்படுவது இதைத்தான். இதில் குவாட்டர்பேக் ஸ்நாப்புக்கு முன்பே எதிரணியின் நடு லைன்பேக்கர் யார் என்று அடையாளம் காட்டி, அவனை வைத்து மறிப்பின் திசையைத் தீர்மானிக்க வேண்டும். பின்னால் நிற்பவர்களும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் பிளிட்ஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஊகிக்க வேண்டும். ஸ்நாப்புக்குப் பின் எதிரணியின் கடைசி வரிசையில் நிற்கும் இரண்டு சேஃப்டிகளைப் பார்த்து, முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள் என்று வரிசையாகக் கண்ணை நகர்த்த வேண்டும். இந்த ஒப்பீட்டில் கண்ணுக்கு அதிக வேலை வைப்பது இதுதான். எங்கள் பையனுக்கு இது இப்போது பொருந்தாது என்பதில் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. ஆனாலும் மூன்றாம் முயற்சியில் ஒன்பது யார்டு தேவைப்படும் தருணம் எந்த அணிக்கும் வரும் என்பதால், இதன் மறிப்பை ஓரளவு எல்லாரும் கற்றே ஆக வேண்டும்.

மிகச்சிறந்த கண்ணும்கூட மறிப்பு இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்குக் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸின் குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸின் மூன்று சூப்பர் பௌல்களே போதும். 2021 பிப்ரவரியில் இரு டேக்கிள்களும் காயத்தால் ஆடாத நிலையில் அவர் ஆட்டம் முழுவதும் பின்வாங்கி ஓடிக்கொண்டே எறிந்தார். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 31-9 எனத் தோற்றது. அணி நிர்வாகம் அந்த ஆண்டே வரிசையை அடியோடு மாற்றியது: ஜோ தூனியை ஒப்பந்தம் செய்தார்கள், ஆர்லாண்டோ பிரௌனைப் பரிமாற்றத்தில் வாங்கினார்கள், கிரீட் ஹம்ஃப்ரியை இரண்டாம் சுற்றிலும் டிரே ஸ்மித்தை ஆறாம் சுற்றிலும் தேர்ந்தார்கள். 2023 பிப்ரவரியில், அந்தப் பருவத்தில் 70 சாக் எடுத்திருந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை எதிர்கொண்டு, ஒரு சாக்கும் விடாமல் 38-35 என வென்றார்கள். 2025 பிப்ரவரியில் அதே ஈகிள்ஸ் ஒரு முறைகூட பிளிட்ஸ் அனுப்பாமல், முன்வரிசை ஆட்களை மட்டும் வைத்தே ஆறு முறை அவரை வீழ்த்தி, 40-22 என வென்றது. அன்று இடது டேக்கிளாக நின்றது, கார்ட் இடத்திலிருந்து நகர்த்தப்பட்ட தூனி. மூன்று ஆட்டங்களிலும் குவாட்டர்பேக் ஒருவரே.

2021 தேர்வில் சின்சினாட்டி பெங்கால்ஸ் முன்னிருந்த தெரிவையும் இங்கே பேசியாக வேண்டும், ஏனென்றால் எதிலே முதலீடு செய்வது என்ற கேள்வி அவ்வளவு நேரடியாக வேறெங்கும் எழுந்ததில்லை. முந்தைய ஆண்டு முழங்கால் கிழிந்து பருவத்தைப் பாதியில் இழந்த இளம் குவாட்டர்பேக் ஜோ பரோ அவர்களிடம் இருந்தார். ஐந்தாம் இடத்தில் தேர்வு. ஒரு பக்கம் டேக்கிள் பெனே சூவல், மறுபக்கம் பரோவின் கல்லூரித் தோழரும் பந்து பிடிப்பவருமான ஜமார் சேஸ். சேஸைத் தேர்ந்தார்கள். அவர் முதல் பருவத்திலேயே 1,455 யார்டு எடுத்தார். அணி சூப்பர் பௌல் வரை போனது. அந்தப் பருவத்தில் பரோ 51 முறை வீழ்த்தப்பட்டார். டைட்டன்ஸோடு ஆடிய பிளே ஆஃபில் ஒன்பது முறை விழுந்தும் வென்றார். சூப்பர் பௌலில் ஏழு முறை விழுந்து, 23-20 எனத் தோற்றார்.

சூவல் ஏழாம் இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். அதே ஆண்டுதான் ராம்ஸ் கைவிட்ட ஜேரட் கோஃபும் பரிமாற்றத்தில் டெட்ராய்ட் வந்து சேர்ந்தார். சூவலைச் சுற்றிக் கட்டப்பட்ட வரிசை சோனும் ஆடியது, கேப்பும் ஆடியது. 2024இல் அந்த அணி 564 புள்ளி எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்து, 15 ஆட்டங்களில் வென்றது. சேஸைத் தேர்ந்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இல்லாமல் பெங்கால்ஸ் அந்தச் சூப்பர் பௌலுக்கே போயிருக்காது. ஆனால் விழுந்தாலும் எழுந்து அடுத்த ஆளைத் தேடும் பரோவின் கண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சராசரிக் கண் உள்ள குவாட்டர்பேக்கை வைத்திருப்பவர்கள் டெட்ராய்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

இனி எங்கள் அணிக்கு வருகிறேன். எடை குறைந்த, கால் சுறுசுறுப்பான ஐவர் என்பது டென்வர் வரிசையை நினைவூட்டுகிறது. ஓடத் தெரிந்த, மெதுவாகப் படிக்கும் குவாட்டர்பேக் என்பது பூட்லெக்கைக் கேட்கிறது. வாரத்துக்கு எட்டு மணி நேரத்தில் ஐவருக்கும் ஒரே காலடியைக் கற்றுத்தருவது, ஐந்து பேருக்கு ஐந்து வேலை கற்றுத்தருவதைவிடச் சாத்தியம். எனவே அவுட்சைட் சோனையே அடித்தளமாக வைக்கலாம் என்பதே என் கருத்தாக இருந்தது. ஆனால் ஆறு பேரை நெருக்கி நிறுத்துவது பேட்ரியட்ஸுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அன்று. எங்கள் வட்டாரத்திலேயே இரண்டு அணிகள் அப்படித்தான் நிற்கின்றன. அதற்கு விடையாகக் கவுண்டர் ஒன்றே ஒன்று, அதுவும் வலப்பக்க கார்ட் கழன்று இடப்பக்கம் ஓடும் வடிவத்தில் மட்டும், முதல் வாரத்திலிருந்தே பழக வேண்டும். குவாட்டர்பேக்கின் ஓட்டத்தை ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைக்கு மேல் கூப்பிடாமல், ஓரத்து ஆளைத் தயங்க வைக்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாய்ப்பும் டெக்சாஸ் பள்ளிகளுக்கு உண்டு. ஓட்டமா எறிதலா என்பதை ஸ்நாப்புக்குப் பின் ஒரே லைன்பேக்கரைப் பார்த்து முடிவெடுக்கும் ஆர்.பி.ஓ. ஆட்டத்தில், பந்து எறியப்படும்போது லைன்மேன்கள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கலாம் என்பது முக்கியம். என்.எஃப்.எல்.லில் அது 1 யார்டு. இங்கே பின்பற்றப்படும் கல்லூரி விதியில் 3 யார்டு. அந்த இரண்டு யார்டு வித்தியாசத்தால் லைன்மேன்கள் ஓட்டத்தை மறிப்பதுபோலவே முழுவீச்சில் மறிக்க முடிகிறது. இதிலும் பையன் பார்க்க வேண்டியது ஒருவனைத்தான். இரண்டாம் ஆண்டில் சேர்க்கலாம் என்று தலைமைப் பயிற்சியாளர் சொன்னார். முதல் ஆண்டிலேயே ஒன்றிரண்டு வைக்கலாம் என்பது என் ஆசை. அவர் சொன்னதே முடிவாயிற்று, பொறுப்பு அவருடையது.

வசந்தகாலப் பயிற்சியின் முதல் நாளில் பந்தே வெளியே வரவில்லை. புல்தரையில் நீளக் கோடு ஒன்று போட்டு, ஐவரையும் அதன்மேல் நிறுத்தி, ஊதல் ஒலித்ததும் வலது காலை ஆறு அங்குலம் பக்கவாட்டில் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் லைன் பயிற்சியாளர் குனிந்து பாதங்களின் தடத்தைப் பார்த்தார். சென்டரின் கால் மட்டும் நேரே முன்னால் போய்க்கொண்டிருந்தது. எல்லாரையும் திரும்ப நிறுத்தி மறுபடி ஊதினார். குவாட்டர்பேக் பையன் அவர்களுக்குப் பின்னால் நின்று, கையில் ஒன்றும் இல்லாமலேயே, ரன்னிங் பேக்குக்குப் பந்து நீட்டுவதுபோல் நீட்டி, இடுப்போடு மறைத்து, எதிர்ப்பக்கம் திரும்பி ஓடிக்கொண்டிருந்தான். மாலை ஆறு மணிக்கு ஐந்து தடமும் ஒரே கோணத்தில் விழுந்தன.